காலி நாற்காலிக்கு ஓர் இழவு

சிதோரா
செப்டம்பர் 12

முன்னாள் மாண்புமிகு மைதேய்க்கு,

இல்லை, யாரும் அழவில்லை. நீ அதைத்தான் முதலில் கேட்பாய். போனை அணைத்துவிட்டு, ஹராரேயில் உன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தொகுதியில் யார் யார் அழுதிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பாய். ஒருவரும் இல்லை. வேலையை நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

மேஸ்திரி மாபிகா சாரத்தின் மேல் நின்றிருந்தார். அவருடைய ரேடியோ மணல் குவியலில் சாய்ந்து பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று செய்தி வந்தது. பின்வருவோர் இனி எங்கள் ஆட்கள் அல்லர் என்று கட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், அதை நாடாளுமன்றத்தில் படித்தார்களாம், இடங்கள் காலியாம். பெயர்கள் வரிசையாக வந்தன. உன் பெயர் நடுவில். மாபிகா இறங்கி வந்து கரணையைத் தண்ணீர் வாளியில் கழுவினார். நன்றாகத் துடைத்தார்.

"அந்தம்மா கையெழுத்து இல்லாம தொகுதிப் பணம் வராது. பணம் வராம சிமெண்ட் வராது," என்றார். பைக்குள் கரணையை வைத்தார்.

பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கான வீட்டின் சுவர் ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் வானம். சிஸ்டர் எஸ்னாத் மருந்தகத்திலிருந்து வெளியே வந்து கேட்டது ஒரே கேள்வி: "மழை வந்தா ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எங்க படுப்பாங்க?"  எல்லோரும் ரேடியோவைப் பார்த்தோம். அது மறுபடி பாட ஆரம்பித்திருந்தது.

கட்சி இரண்டாக உடைந்த கூட்டத்துக்கு நீ போகவில்லை. அன்று இங்கே நிம்பே. ஊரே கூடிச் செங்கல் அறுத்தோம். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களிமண் மிதித்தாய். எந்தப் பக்கம் என்று கட்சிக்காரர்கள் போனில் கேட்டபோது, "இப்போ சேத்துல நிக்கிறேன், அப்புறமா கூப்பிடுங்க," என்றாய். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு போனில் கேட்டிருக்கும். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

என் வீடு உன் வீட்டுக்கு சஹ்விரா. தலைமுறை தலைமுறையாக உங்களைக் கேலி செய்வதும், உங்கள் வீட்டுச் சாவில் செத்தவர் உடுப்பை மாட்டி அவர் மாதிரி நடந்து காட்டுவதும் எங்கள் வேலை. உன் அப்பாவின் தொப்பியோடு நான் சாய்ந்து நடந்தபோது உன் அம்மா முதலில் சிரித்தார், பிறகுதான் அழுதார். உங்களிடம் பொய் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மாதிரி ஓர் உறுப்பினர் எங்களுக்கு வாய்த்ததில்லை.

இதைச் சொன்னதாக வெளியில் சொல்லாதே.

பஸ் ஓட்டுநர் காட்நோஸிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

ஷுவாய்


ஹராரே
செப்டம்பர் 20

ஷுவாய்,

நாடாளுமன்ற வாசல் காவலாளியைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் சல்யூட் அடிப்பவர். நேற்று என் அறையில் கிடந்த காகிதங்களை எடுக்கப் போனேன். அவர் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். பாதியில் ஞாபகம் வந்தது. அந்தக் கையாலேயே இன்னொரு வாசலைக் காட்டினார். "அம்மா, நீங்க இப்போ பார்வையாளர் வரிசையில வரணும்." அவர் குரலில் வெட்கம் இருந்தது. நான் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மன்றத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

வக்கீல் ஹமண்டிஷேயைப் பார்த்தேன். ஜெயிப்போம் என்கிறார். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுக்குக் கட்சியில் அந்தப் பதவியே இல்லையாம். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். ஒரு வருடம், மேல்முறையீடு வந்தால் இன்னும் கூட. அதுவரை இடைத்தேர்தலை நிறுத்தி வைக்கச் சொல்லி மனுப் போடலாமாம்.

போடுங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை.

நீ தேர்தல் அன்று வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியும். வெயிலில், முதுகில் பிள்ளையோடு, பகல் முழுக்க நின்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். அத்தனை பேர் சொன்னதை ஒரு தாள் இல்லை என்றாக்கிவிட்டது. தாளில் மடிப்புகூட இல்லை.

காலையில் விழித்ததும் இன்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கிறேன். பிறகு யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்று தெரிகிறது. தேநீர் போடுகிறேன். ஆறுகிறது.

நான் செய்வது சரியா? ஒரு தடவை மட்டும் கேலி இல்லாமல் சொல்.

மைதேய்


சிதோரா
அக்டோபர் 30

மைதேய்,

பதில் எழுத நாளாகிவிட்டது. கேலி இல்லாமல் எழுது என்றாய். அது எனக்குப் பழக்கமில்லை.

உன் மனு போட்ட பிறகு இங்கே நடந்தது இது. தேர்தல் வருகிறது என்று ஆசிரியர்களையெல்லாம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பள்ளியைப் பூட்டிவிட்டுப் போனோம். வழக்கு இருக்கிறது, தேதி தள்ளிப்போகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு தள்ளிப்போகவில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி பூட்டினோம். இப்போது மீண்டும் தெரியாது என்கிறார்கள். என் வகுப்பறையில் ஓட்டு மறைப்புத் தட்டிகள் அடுக்கியிருக்கின்றன. பிள்ளைகள் மரத்தடியில்.

போன செவ்வாய் முதல் மழை. சாதாரண மழை இல்லை, காற்றோடு. செனாயை உனக்குத் தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம், முதல் பிரசவம். ஆறு ஏறுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று மூட்டையோடு வந்திருந்தாள். மருந்தகத் தாழ்வாரத்தில் படுத்திருந்தாள். வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சிஸ்டர் எஸ்னாத் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய, காற்றில் சிக்னல் போயிருந்ததால், மலைமேல் ஏறினார். ஆம்புலன்ஸ் வாக்குச்சாவடிக் கூடாரங்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மாவட்டத்தில் வேறு வண்டி ஓடவில்லை.

மழையில், பிளாஸ்டிக் தாள் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்திலேயே. நான் தாளின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். சிஸ்டர் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, "யாரும் பேசாதீங்க," என்றார். 

இரண்டு பேரும் பிழைத்தார்கள். இதை நல்ல செய்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சுவரின் மேல் வரிசையில் சாந்து கரைந்து வழிகிறது. மாபிகா சாக்கைப் போட்டு மூடிவிட்டு, "இன்னொரு மழைக்காலம் தாங்காது," என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். நீ செய்வது நியாயம். ஆனால் உன் நியாயம் வந்து சேரும் வரை இங்கே உறுப்பினர் கிடையாது, கையெழுத்து கிடையாது, கூரை கிடையாது. உன் நாற்காலிக்காக இவர்கள் எத்தனை மழை நனைய வேண்டும்?

வழக்கை விடு.

ஷுவாய்


ஹராரே
நவம்பர் 5

ஷுவாய்,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை செனாய்க்காக. இரண்டாவது தடவை எனக்காக.

ஆம்புலன்சை நானா அனுப்பினேன்? பள்ளியை நானா பூட்டினேன்? என் கையெழுத்தை நானா செல்லாததாக்கினேன்? ஒருவர் வசதியான நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதினார். அதற்கு ஒரு தேர்தல் செலவாகிறது. ஒரு பள்ளி செலவாகிறது. ஒரு தாயின் உயிர் செலவாகப் பார்த்தது. இவ்வளவுக்கும் நீ கணக்கை நீட்டுவது என்னிடம்.

நான் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அடுத்த உறுப்பினர் வருவார். அவரும் ஒரு நாள் சேற்றில் நிற்பார். அவருக்கும் கடிதம் வரும். அவரும் விடுவார், உன்னை மாதிரி ஒரு நல்ல தோழி எழுதுவாள் என்பதால்.

அவர்கள் பலம் அதுதான் என்று இப்போது புரிகிறது. அவர்கள் செய்கிற ஒவ்வொன்றுக்கும் செலவைச் சுமப்பது நீங்கள். உங்களைப் பார்த்து எங்களுக்கு வாய் அடைத்துப் போகும்.

சஹ்விரா எது வேண்டுமானாலும் பேசலாம். சரி. கேட்பவளுக்கு வலிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

மைதேய்


சிதோரா
நவம்பர் 26

மைதேய்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், ஏனென்றால் நீ செத்துப்போய்விட்டாய், உனக்குத் தெரிய வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வாரம் மாவட்டத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. தொகுதி நிதியில் வாங்கிய பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டு போக உத்தரவாம். இருந்ததே நாலு மூட்டை சிமெண்ட். ஊரார் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மூட்டைகள் போன இடத்தில் உன் ரப்பர் பூட்ஸ் மட்டும் கிடந்தது. களிமண் மிதித்த அன்று நீ விட்டுப்போனது.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பூட்ஸை மாட்டினேன். மேஸ்திரியின் தொப்பியைப் பிடுங்கித் தலையில் வைத்தேன். நீ நடப்பது போலக் குதிகாலை அழுத்தி நடந்தேன். சுவரிடம் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"மாபிகா, சுவர் சாஞ்சிருக்கா, இல்ல நீங்க சாஞ்சு நிக்கிறீங்களா?"

மாபிகா சிரித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. போனைக் காதில் வைத்து, "இப்போ சேத்துல நிக்கிறேன்," என்றேன். இன்னும் சாப்பிடாதவர் யார் யார் என்று விரலை நீட்டிக் கேட்டேன், நீ கேட்பது போலவே, பதில் வரும் முன்பே களிப் பானையைப் பார்த்துக்கொண்டு. சிரித்துச் சிரித்து ஒரு கிழவர் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

உன் அத்தை கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"உசுரோட இருக்கிறவளுக்கு ஆடிக் காட்டுறியே, உனக்கு அறிவு இருக்கா?"

"செத்தது அவ இல்ல அத்தை. நாற்காலி. அதுக்கும் ஒரு இழவு வேணும்ல?"

அவர் என்னை அடிக்கவில்லை. ஓங்கினார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் போகிறபோது பார்த்திருக்கிறார். சஹ்விரா உன் பூட்ஸை மாட்டிக்கொண்டு உன்னைப் போல நடக்கிறாள். இதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் அதை யோசிக்கவே இல்லை. படித்தவள், வாக்குச்சாவடி அதிகாரி.

வியாழக்கிழமை காலையில் அழுகைச் சத்தம் கேட்டது. பள்ளியிலிருந்து ஓடினேன். ஆற்றைக் கடந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர். தலையில் மாவு மூட்டை, விறகு, கோழி. மழைக்காலச் சாவு என்பதால் இழவுப் பந்தல் வேயப் புல் கட்டுகள், கம்புகள். தங்கள் வீட்டுக் கூரைக்காகச் சேர்த்து வைத்த புல் அது. பாட்டோடு வந்தார்கள். செனாயின் மாமியார் அரைகுறைச் சுவரின் முன்னால் விழுந்து, "எங்களுக்குன்னு இருந்த ஒருத்தி," என்று சொல்லி மண்ணை அடித்து அழுதார்.

நான் போய்ச் சொன்னேன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், தப்பு என்னுடையது என்று.

 கோழிதான் முதலில் சத்தம் போட்டது.

"அப்போ நாங்க ஆத்தைக் கடந்து வந்தது எதுக்கு டீச்சர்?" என்றார் ஒருவர். அவர் கால் வழுக்கி முழுக்க நனைந்திருந்தார். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. மூட்டைகளைத் திரும்பத் தூக்க ஆரம்பித்தார்கள். அப்போது உன் அத்தைதான் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"இழவுக்குக் கொண்டுவந்ததை யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. உங்க வீட்டுல சாவு விழணுமா?"

எல்லோரும் மூட்டையைக் கீழே வைத்தார்கள். அந்த விஷயத்தில் விளையாட யாருக்கும் தைரியம் இல்லை. வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சிஸ்டர் எஸ்னாத் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பந்தல் போடத்தானே புல்லு? இதோ நாலு சுவர் இருக்கு. இதுமேல போடுங்க."

மாபிகா பையைத் திறந்து கரணையை எடுத்தார்.

அவர்கள் ஞாயிறு வரை தங்கினார்கள். இழவு மாவில் களி கிண்டினோம், இழவுக் கோழியை அடித்தோம். சூளையில் மிச்சமிருந்த கல்லை மண் சாந்தில் வைத்துச் சுவரை ஏற்றினார்கள். கம்புகளைச் சாய்த்துக் கட்டி, வரிச்சு போட்டு, வேய்ந்தார்கள். புல் வாசனை. நனைந்து வந்த அந்த மனிதர்தான் முகட்டில் உட்கார்ந்து கடைசிப் புல் கட்டைக் கட்டி முடித்தார். இறங்கும்போது என்னிடம், "உண்மையாவே செத்தா சொல்லி அனுப்புங்க, மறுபடி வர்றோம்," என்றார்.

நேற்று இரவு மழை. உள்ளே மூன்று பெண்கள் தூங்கினார்கள். நான் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

என்னை வாக்குச்சாவடிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அரசியல் கூத்து ஆடினேனாம்.

நீ எழுதியது சரி. கணக்கைத் தப்பான ஆளிடம் நீட்டினேன். இனி எங்கள் கூரையைக் காட்டி உன் வாயை யாரும் அடைக்க முடியாது, நான் உட்பட. வழக்கை நடத்து. எத்தனை வருடமானாலும்.

ஷுவாய்


ஹராரே
டிசம்பர் 3

ஷுவாய்,

செத்தவள் எழுதுகிறேன்.

காட்நோஸ் என் கதவைத் தட்டிவிட்டு, திறந்ததும் இரண்டடி பின்னால் போனான். உன் கடிதத்தைக் கையை நீட்டித் தள்ளி நின்றே கொடுத்தான். தேநீர் குடிக்கச் சொன்னேன். நான் குடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

அவன் போன பிறகு படித்தேன். ஆறு இடுப்பளவு என்ற இடத்தில் நிறுத்தினேன். அந்த ஆற்றை நான் பிரச்சாரத்தின்போது ஒரு தடவை கடந்தேன், பயந்துகொண்டே, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் தலையில் புல்லோடு கடந்திருக்கிறார்கள். ஓட்டு வாங்கின ஒருத்தியைப் புதைக்க. நான் அவர்களுக்கு என்ன செய்தேன்? அரைச் சுவர்.

 பிறகு வக்கீலிடம் போனேன்.

இடைத்தேர்தலை நிறுத்தும் மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். தேர்தல் நடக்கட்டும், அங்கே ஓர் ஆள் வேண்டும். நான் நிற்கப் போவதில்லை. ஹமண்டிஷே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெயிக்கிற கேஸைக் கைவிடறீங்கம்மா."

"கைவிடல. வேற ஒண்ணு கேக்கறேன். இந்தத் தேர்தலுக்கு ஆகுற செலவை, கடிதம் எழுதினவங்ககிட்டருந்து வாங்கித் தரணும்."

"அப்படி ஒரு சட்டம் இல்லையே."

"இல்லேன்னு நீதிபதி வாயால சொல்லட்டும். அப்பத்தான் இல்லேங்கிறது நாட்டுக்கே தெரியும்."

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு புதுத் தாள் எடுத்தார். எவற்றையெல்லாம் செலவு என்று எழுதலாம் என்று கேட்டார். சீட்டு அச்சடித்தது, பெட்டி, பெட்ரோல் என்று அவர் ஆரம்பித்தார். நான் பூட்டிய பள்ளியையும் மரத்தடிப் பிள்ளைகளையும் எழுதச் சொன்னேன். கூடாரம் ஏற்றிப் போன ஆம்புலன்சை எழுதச் சொன்னேன். தாழ்வாரத்தை எழுதச் சொன்னேன். "இதுக்கெல்லாம் எப்படி மதிப்புப் போடறது?" என்றார். தெரியாது என்றேன். போட முடியாத இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். காலி இடமும் நீதிமன்றத்துக்குள் போகட்டும்.

மனு என் பெயரில்தான், ஆனால் உறுப்பினராக இல்லை, வாக்காளராக. என்னோடு இன்னும் சில வாக்காளர்கள் நடந்ததைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். சிதோரா போலீஸ் சாவடியில் செய்தால் போதும். தாள்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். செனாயிடம் கேட்டுப் பார். அவள் மாமியாரிடமும். முகட்டில் உட்கார்ந்தவரிடமும். வற்புறுத்தாதே.

நீ போடாதே. உனக்கு அரசுச் சம்பளம். ஏற்கெனவே ஒரு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் சம்பளத்தில்தான் உன் தம்பி படிக்கிறான். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே.

என்னைப் போல நடந்து காட்டினாயாமே. குதிகாலை அழுத்தியா நடக்கிறேன்? எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

மைதேய்


சிதோரா
டிசம்பர் 14

மைதேய்,

நீ மனுவை எடுத்ததும், தயாராக வைத்திருந்த தேர்தலை உடனே நடத்தி முடித்தார்கள். சின்ன வரிசைதான். ஜெயித்தவர் வந்தார், புல் கூரையைப் பார்த்தார், தகரம் போட்டுத் தருகிறேன் என்றார். போட்டால் நல்லது. சிஸ்டர் எஸ்னாத் நன்றி சொல்லிவிட்டு, புல்லை மட்டும் பிரிக்கக் கூடாது என்றார்.

ஆறு ஏறும் முன்பே செனாய் போலீஸ் சாவடிக்கு வந்தாள். அவள் மாமியாரும். முகட்டில் உட்கார்ந்தவர் ஆறு ஏறிவிட்டதால் அந்தக் கரையிலேயே நின்று கையை ஆட்டினார். தண்ணீர் வடிந்ததும் வருவார். மாபிகா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்தார். உன் அத்தை, தான் பார்த்ததை மட்டும் சொல்வேன் என்று சொல்லிவிட்டு, பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார். சார்ஜென்ட் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

நான் வரிசையில் நிற்பதைப் பார்த்து அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், வேலைக்கே சிக்கல் வரும். தெரியும்ல?"

தெரியும் என்றேன். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் தாளின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் நான் என்று சத்தியம் செய்தேன், கையெழுத்துப் போட்டேன், பேனாவை எனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தேன்.

ஷுவாய்